‘சவுண்டிங் ராக்கெட்’டில் சவுண்டு எங்கே இருக்கிறது?

தும்பாவைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே ‘சவுண்டிங் ராக்கெட்’ வந்துவிடும். 1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்த மீனவ ஊரிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி அந்த வகைதான். சவுண்டு என்றால் ஒலி. ஆகவே இது ஒலியை வைத்து எதையோ அளக்கும் ராக்கெட் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பெரும் சத்தத்தோடு கிளம்புவதால் வந்த பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் பல ‘சவுண்டு’கள் உலவுகின்றன. ஒலியைக் குறிப்பது லத்தீன் ‘சோனுஸ்’ வழி வந்தது. ‘நலமான, உறுதியான’ என்ற பொருளுடையது ஜெர்மானியக் குடும்பச் சொல். நம் ராக்கெட்டில் ஒட்டியிருப்பது வேறொன்று. பழைய பிரெஞ்சின் ‘சோந்தே’ என்ற வினையிலிருந்து வந்தது. நீரின் ஆழம் பார்ப்பது என்று பொருள். அதற்கும் முந்தைய மூலம் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. லத்தீனில் ‘அலைக்கு அடியில்’ என்ற பொருளுள்ள சொல் என்பது ஒரு கட்சி. கடலைக் குறித்த வடக்கத்திய ஜெர்மானியச் சொல் என்பது மறு கட்சி.

கப்பல்காரர்கள் ஆழம் பார்த்த விதம் எளிமையானது. அளவுக் குறிகள் கட்டிய கயிற்றின் முனையில் ஈயக்குண்டு. குண்டின் அடிப்பக்கம் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள். குண்டு தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். எத்தனை ஆழம், அடியில் என்ன தரை என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே வீச்சில் விடை. ஆங்கிலேயர் இதை ‘ஃபேதம்’ என்ற ஆறடி அளவில் எண்ணினார்கள். நம் கடற்கரையில் அதையே ‘பாகம்’ என்பார்கள்; இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். இன்று விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பித்தான் ஆழம் அளக்கிறது. குழப்பம் வளர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் ‘எக்கோ’தான் ஒலியைச் சொல்கிறது. ‘சவுண்டர்’ ஆழத்தைச் சொல்கிறது.

ஆழம் பார்க்கும் சொல் மேல்நோக்கிப் போகும் ராக்கெட்டுக்கு எப்படிப் பொருந்தியது? நாம் காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று 1644-லேயே இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி எழுதிவிட்டார். அடியில் இருப்பவனுக்கு ஆழம் தலைக்கு மேலேதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆளில்லாப் பலூனில் கருவி கட்டி விட்டபோது அதைத் தயக்கமின்றி ‘சோந்த்’ பலூன் என்றார்கள். அப்படிப்பட்ட பலூன்களை நூற்றுக்கணக்கில் பறக்கவிட்டுத்தான் பிரெஞ்சு வானிலை ஆய்வாளர் தெசரான் த போர், ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுகிறது என்று 1902-இல் அறிவித்தார். இன்று ஸ்ட்ரேட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு அது.

பலூன் சுமார் 40 கிலோமீட்டரோடு தவித்துவிடும். அதற்கு மேல் அதைத் தூக்கப் போதிய காற்று இல்லை. செயற்கைக்கோளோ 150 கிலோமீட்டருக்குக் கீழே தாக்குப்பிடிக்காது. காற்றின் உராய்வு விரைவில் இழுத்துத் தள்ளிவிடும். இடையில் கிடக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் நேரில் போய் அளக்க வேண்டுமானால் ராக்கெட் ஒன்றே வழி. நேரே மேலே போய், சில நிமிடம் அளந்து, விழுந்துவிட வேண்டும். சவுண்டிங் ராக்கெட் பூமியைச் சுற்றாது. இலக்கணமே அதுதான்.

ராக்கெட் முன்னோடி காடர்ட் 1929 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஏவிய ராக்கெட்டில் காற்றழுத்தமானி, வெப்பமானி, கேமரா மூன்றும் இருந்தன. ஆனால் துறை உண்மையில் பிறந்தது போரின் மிச்சத்தில். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ஏவுகணைகளை அமெரிக்கர்கள் 1946-இல் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் ஏவத் தொடங்கினார்கள். வெடிகுண்டு இருந்த மூக்கில் கருவிகள். மேலே போனதெல்லாம் சரி, திரும்பி வந்ததுதான் தலைவலி. முழு ராக்கெட்டாக விழுந்தபோது பெரும் பள்ளம்தான் மிஞ்சியது. பிறகு, வரும் வழியிலேயே மூக்கை வெடித்துப் பிரித்துவிட்டால் துண்டுகள் தடுமாறி மெதுவாக விழும் என்று கண்டுகொண்டார்கள். அந்த அக்டோபர் 10-ஆம் தேதி இயற்பியலாளர் ரிச்சர்ட் டூசியின் குழு, ஓசோனுக்கு மேலிருந்து சூரியனின் புற ஊதா நிறமாலையைப் படமெடுத்தது. அதே மாதம் 24-ஆம் தேதி, விண்வெளியின் விளிம்பிலிருந்து எடுத்த முதல் பூமிப் படம்.

பெயரின் எல்லையைச் சோதித்தது 1962 ஜூனில் போன ஏரோபீ என்ற சவுண்டிங் ராக்கெட். வானியலாளர் ஜக்கோனியின் குழு, நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க அதை அனுப்பியது. 80 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. நிலவு ஏமாற்றியது, விருச்சிக மண்டலத்தின் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத வலுவான கதிர் வந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அது. 2002-இல் ஜக்கோனிக்கு நோபல் பரிசு.

தும்பாவுக்கு வருவோம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு அதன் பக்கமாகப் போகிறது; அங்கே தலைக்கு மேல் 100 கிலோமீட்டர் சுமாரில் பலமான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூனுக்கு எட்டாது, செயற்கைக்கோளுக்கு ஆகாது. விக்ரம் சாராபாய் அந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் அதுவே. முதல் ராக்கெட் நாசா தந்தது, உள்ளே இருந்த சோடியம் கருவி பிரான்ஸ் தந்தது; பாகங்களைப் பொருத்தும் வேலையில் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமும் இருந்தார். அந்தி நேரத்தில் மேலே சோடியம் ஆவியைத் தெளித்தால், தரையில் இருட்டினாலும் உயரத்தில் வெயில் பட்டு ஆரஞ்சு மஞ்சளாக ஒளிரும். பல இடங்களிலிருந்து அதைப் படமெடுத்து, மேகம் நகர்ந்த திசையையும் வேகத்தையும் வைத்து மேல்காற்றைக் கணக்கிடலாம். பின்னாளில் நாமே செய்த ரோகிணி வரிசை வந்தது. ரோகிணி-75, 200, 560 என்னும் எண்கள் எட்டும் உயரமல்ல; மில்லிமீட்டரில் ராக்கெட்டின் விட்டம்.

தமிழில் இப்போது பரவலாக ‘ஆய்வு ராக்கெட்’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் தொளதொள சட்டை. செவ்வாய்க்கு ஆய்வுக்கலம் கொண்டுபோகும் ராக்கெட்டும் அதற்குள் நுழைந்துவிடும். ‘வளிமண்டல ஆய்வு ராக்கெட்’ என்றால் நேர்மாறாக இறுக்கிவிடுகிறது. ஜக்கோனியின் ஏரோபீ தேடியது வளியை அல்லவே. ‘ஏவுகணை’ கூடவே கூடாது; கணை என்றால் அம்பு, அது போர்க்கருவிக்கு உரியது. ‘ஒலி ராக்கெட்’டை விட்டுவிடலாம்.

‘ஆழங்காண் ராக்கெட்’ என்பது என் தேர்வு. ராக்கெட்டை மாற்ற விரும்புவோர் ஏவூர்தி என்று போட்டுக்கொள்ளட்டும், எனக்கு இரண்டும் சம்மதம். ‘ஆளை ஆழம் பார்க்கிறான்’ என்று நாம் சொல்வதில்லையா? அங்கே அளப்பது தண்ணீரை அல்ல, மனசை. பிரெஞ்சிலும் அதே வேரிலிருந்துதான் கருத்துக்கணிப்புக்குச் ‘சோந்தாஜ்’ என்ற பெயர். நீரிலிருந்து மனசுக்கு நகர்ந்த ஆழம், வானத்துக்கு நகரத் தடையில்லை.

மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் பலூனில் கட்டி விடும் ரேடியோசோண்ட் என்ற கருவிப் பெயரின் பின்பாதியும் இதே ‘சோந்த்’தான். அதையும் ‘ரேடியோ ஆழங்காணி’ என்று சொன்னால், பிறந்த வீட்டில் ஒன்றாக இருந்த இரண்டு கருவிகளும் தமிழிலும் ஒரே வீட்டில் இருக்கும்.