முற்றத்துச் சொட்டுகளின் வட்டிக் கணக்கு

ஐப்பசி மழை விட்ட பிறகும் செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் வெகுநேரம் மழை பெய்துகொண்டிருக்கும். ஓட்டில் தங்கிய நீர் விளிம்புக்கு வந்து, முற்றத்தில் அப்பத்தா வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் சொட்டும். சத்தம் மட்டும் கேட்டால் எல்லாம் ஒரே சீர்தான். பார்த்தால் அப்படி இல்லை. மேலே நெருக்கமாக இருக்கும் சொட்டுகள் கீழே வரவர ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன.

ஓட்டு விளிம்பு அண்டாவிலிருந்து 4 மீட்டர் உயரம், 0.3 விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு விளிம்பை விட்டுக் கழலும் கணத்தில் முந்தையது 44 செ.மீ. இறங்கியிருக்கும். அதற்கு முந்தையது இன்னும் 132 செ.மீ. கீழே, அதற்கும் முந்தையது இன்னும் 220 செ.மீ. கீழே, அண்டாவைத் தொடப்போகும் இடத்தில். 44ஐ ஒரு பங்கு என்றால் இடைவெளிகள் 1, 3, 5. இந்த ஒற்றைப்படை வரிசையைச் சாய்வுப் பலகையில் குண்டை உருட்டிக் கண்டுபிடித்தவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். நல்ல கடிகாரம் இல்லாத காலம். குண்டு உருளும் நேரத்தில் ஒழுகிய நீரைப் பிடித்து எடை போட்டுத்தான் அவர் நேரத்தை அளந்தார்.

இடைவெளி ஏன் கூடுகிறது? புவி ஒரு முறை இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. வழி நெடுக இழுத்துக்கொண்டே இருக்கிறது. வட்டிக் கடை கண்ட ஊருக்கு இதைச் சொல்வது எளிது: வேகம் ஏறுவது தனிவட்டிக் கணக்கில். கையில் எவ்வளவு வேகம் சேர்ந்திருந்தாலும் ஒவ்வொரு விநாடிக்கும் வரவு அதே 9.8 மீட்டர்/விநாடி. குட்டி போடுவதில்லை.

ஆளுக்கேற்ற வட்டியும் கிடையாது. மாடியிலிருந்து முகப்புக் கதவின் இரும்புச் சாவியையும் ஒரு கொட்டைப் பாக்கையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள். (கீழே சாக்கு விரித்துக்கொள்வது நல்லது, ஆத்தங்குடிக் கல் உடைந்தால் அப்பத்தாவுக்குப் பதில் சொல்ல முடியாது.) கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் இரண்டும் ஒன்றாக விழும். கனத்த சாவியைப் புவி அதிகமாக இழுக்கிறது; ஆனால் அதை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். வெற்றிலை மட்டும் ஆடி ஆடிப் பின்தங்கும். அது காற்றின் வேலை. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் விட்டபோது இரண்டும் சேர்ந்தே தரை தொட்டன.

மழைக்கும் இந்தக் காற்றுதான் கடிவாளம். 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால் துளி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வந்து ஓட்டின்மீது மோதும். வேகம் ஏற ஏறக் காற்றின் தடையும் ஏறி, ஒரு கட்டத்தில் புவியின் இழுப்பைச் சரிக்கட்டிவிடுகிறது. அதன்பின் வேகம் கூடாது. பெரிய துளிக்கே விநாடிக்கு 9 மீட்டர் அளவில் நின்றுவிடும். காற்றே இல்லாத ஒரு முற்றத்தில், ஓட்டு விளிம்பிலிருந்து 4 மீட்டர் விழும் சொட்டுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே வேகம்தான்.