குழந்தைக்கு ஒரு சீட்டு, அம்மாவுக்கும் ஒரு சீட்டு

பேசும் வயது வந்தும் பேச்சு வராத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நீலகிரி மலையின் பந்தலூரிலிருந்து பஸ் ஏறும் தாய், ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரே ஒரு ஓ.பி. சீட்டுதான் வாங்குகிறார். அது குழந்தைக்கு. இரவெல்லாம் மூடாத தன் கண்ணுக்கும், குழந்தையை அடித்துவிட்டுப் பிறகு குமுறும் மனதுக்கும் ஒரு சீட்டு உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அப்பாக்களுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உண்டு. மனநல பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. பதினெட்டாம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மனநல சேவையை அது தனியாகச் சொல்கிறது. மனநோய் உள்ளவரின் குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவையையும், அரசு கட்டாயம் ஏற்பாடு செய்ய வேண்டியவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது.

மலையில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய வரி ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது. மனநல சேவைக்காக யாரையும் நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சேரம்பாடிக்காரருக்கு இன்னும் தூரம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அதனால் ஊட்டிக்குக் கிளம்பும் முன், பக்கத்து அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒன்று கேளுங்கள்: "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் இங்கே எந்த நாளில் வருகிறார்?" கேட்பது சலுகை அல்ல. ஊர் செவிலியரிடம் சொல்லிவைத்தாலும் விசாரித்துச் சொல்வார்.

பஸ்ஸே வேண்டாம் என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்தத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உள்ளூர் சேவைக்கோ அனுப்புவார். "பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் முடியவில்லை" என்று தொடங்கினால் போதும். நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று தயங்குபவர்கள், தோட்டத்து ஓரமாக நடந்துகொண்டே பேசலாம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவர்களின் சட்டக் கடமை.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு நடக்கிறது. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இல்லாத குரல் கேட்பது, பல இரவு துளியும் தூக்கம் வராதது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே 108 அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். "பேய் பிடித்திருக்கிறது" என்று வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது. இதை மாமியார்களும் கணவர்களும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குழந்தைக்கான வழிகளும் பெற்றோரின் பாரத்தைக் குறைப்பவைதான். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் நடக்கும்போது, வீட்டில் என்ன செய்வது என்று உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரப் பயிற்சியை வளர்ப்பது வீட்டில் நடக்கும் பழக்கம்தான். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். வெளியே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு.

பணம் பற்றிச் சுருக்கமாக: தகுதியுள்ள அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு நிராமயா என்ற காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பல தாய்மாரை வாய் திறக்கவிடாத பயம் ஒன்று இருக்கிறது: சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ? அதே மனநலச் சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. மனநல மருத்துவமனையில் தாய் தங்கிச் சிகிச்சை பெற்றாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை அவரிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்கலாம். அந்த முடிவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து முப்பது நாளைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.