பிரமிடு எந்தத் திசையைப் பார்க்கிறது?

செம்பில் செய்த சின்னப் பிரமிடுகளை வாஸ்துப் பொருள் என்று விற்கிறார்கள். வீட்டு வரைபடம் போடும் பொறியாளன் என்பதால் அவை அடிக்கடி என் மேசைக்கு வந்துவிடும். "சார், திசைகாட்டி வச்சு இதைச் சரியா வடக்குப் பார்த்து வைக்கணுமாம். எகிப்துல இருக்கிறதும் அப்படித்தானாமே, காந்த சக்தியை இழுக்குமாம்" என்பார்கள். இதே பேச்சை நம்பி, கட்டி முடித்த தலைவாசலை இடித்து மாற்றத் தயாராக வருபவர்களும் உண்டு. கடப்பாரையை எடுப்பதற்கு முன் எகிப்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கட்டடத்துக்கு முன்பக்கம் எது? கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குப் பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். நான்கும் நான்கு திசைகளுக்கு நேராக நிற்கின்றன. உள்ளே போகும் வழி வடக்கு முகத்தில், தரையிலிருந்து சுமார் 17 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் மன்னனுக்குப் படையல் வைத்த கோயில் கிழக்குப் பக்கம். அங்கிருந்து நைல் பக்கமாக ஒரு நடைபாதை இறங்கியது. ஆக, வாசலைக் கேட்டால் வடக்கு, கோயிலைக் கேட்டால் கிழக்கு.

இரண்டுக்கும் காரணம் வானம். வடக்கே துருவத்தை ஒட்டிச் சுற்றும் விண்மீன்கள் எகிப்தில் அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை. அவற்றை அவர்கள் அழியாத விண்மீன்கள் என்றார்கள். இறந்த மன்னன் அவற்றோடு போய்ச் சேர்கிறான் என்று, கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் உனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவர்களில் செதுக்கிய மந்திரங்கள் சொல்கின்றன. கிழக்கு, சூரியன் தினமும் மீண்டும் பிறக்கும் பக்கம். அதற்கும் முந்திய ஜோசர் மன்னனின் படிப் பிரமிடில் கோயிலே வடக்கில்தான் இருந்தது. கூஃபுவின் தந்தை சினெஃபெரு காலத்தை ஒட்டி அது கிழக்குக்கு நகர்ந்தது. அதே சினெஃபெருவின் வளைந்த பிரமிடுக்கு வடக்கில் ஒரு வழி, மேற்கில் இன்னொன்று. பல நூற்றாண்டுகள் கழித்து லாஹூனில் இரண்டாம் செனுஸ்ரெட் கட்டிய பிரமிடில் வடக்கு வழியே கிடையாது. தெற்குப் பக்கம் தரையில் கிணறு போல வெட்டி இறங்கியிருக்கிறார்கள். எகிப்திலேயே இவ்வளவு மாற்றம்.

சரி, காந்தம் எங்கே வருகிறது? வரவே இல்லை. கூஃபுவின் காலம் கி.மு. 26-ஆம் நூற்றாண்டு. காந்த ஊசியை வைத்துத் திசை பார்த்ததற்குத் தெளிவான எழுத்துக் குறிப்பு சீனாவில் கி.பி. 11-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. தவிர, அந்தப் பிரமிடின் துல்லியம் ஊசியால் வரக்கூடியதும் இல்லை. உண்மை வடக்கிலிருந்து அது விலகியிருப்பது ஒரு பாகையில் 15-இல் ஒரு பங்குக்கும் குறைவு. 230 மீட்டர் நீளத்துக்கு ஒரு சாண் அளவுதான் பிசகு. இன்றைக்கு லேசர் கருவியோடு வேலை செய்கிற எங்களுக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

எப்படிச் சாதித்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. துருவத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் நேரத்தில் தூக்குக்குண்டை (நூலில் கட்டிய எடையை) தொங்கவிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எகிப்திய ஆய்வாளர் கேட் ஸ்பென்ஸ் 2000-இல் சொன்னார். நமது துருவ நட்சத்திரம் அன்று துருவத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருவதால் அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்தது கிளென் டேஷ் என்ற பொறியாளரின் விளக்கம். 2016 செப்டம்பரில், பகலும் இரவும் சமமாக வரும் நாளில், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு கம்பை நட்டு, நிழலின் நுனியை நாள் முழுக்கக் குறித்துப் பார்த்தார். புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழுந்தன. அதுதான் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டிலும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு துளி சாய்வு இருந்தது. கூஃபு, அவர் மகன் காஃப்ரே ஆகியோரின் பிரமிடுகளும் சினெஃபெருவின் சிவப்புப் பிரமிடும் அதே பக்கம்தான் துளி சாய்ந்திருக்கின்றன.

நம் ஊர்ச் சிற்ப நூல்களில் வரும் சங்கு முறையும் இதற்கு உறவுதான். மட்டமான தரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. பெரிய செலவே இல்லை.

ஆனால் மனையில் நடப்பது வேறு. தூணுக்குக் கம்பி கட்டிய இடத்தில் நின்றுகொண்டு போனில் வடக்குப் பார்ப்பார்கள். நான்கு அடி தள்ளிப் போய்ப் பார்த்தால் வடக்கு வேறு பக்கம் காட்டும். முறுக்குக் கம்பி, பக்கத்தில் நிற்கும் கார், போன் உறையில் இருக்கும் காந்தப் பூட்டு எல்லாமே முள்ளை இழுக்கும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு பாகைதான், வீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. கம்பியால் வரும் தவறு பத்து, இருபது பாகைகூடப் போகும். அந்த அளவை நம்பி "வாசல் ஈசானியத்துக்குத் திரும்பிடுச்சு" என்று ஒருவர் பயமுறுத்த, இன்னொருவர் பரிகாரத் தகடு விற்கிறார்.

உலகம் முழுக்க ஒரே நல்ல திசை என்று ஒன்றும் இல்லை. மெக்சிகோவில் தியோத்திவாக்கான் நகரமே வடக்கிலிருந்து சுமார் 15.5 பாகை கிழக்கே திரும்பி நிற்கிறது. அங்குள்ள சூரியப் பிரமிடின் படிக்கட்டு மேற்கில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் மறையும் புள்ளிக்கு அது நேராக வருகிறது. கம்போடியாவில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். பள்ளிவாசல்கள் மெக்காவை நோக்குவதால் கெய்ரோவில் தென்கிழக்கு, நம் ஊரில் ஏறத்தாழ மேற்கு.

வீட்டுக்குத் திசை தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்குச் சுவர்தான் மாலை வெயிலை வாங்கி இரவில் படுக்கையறைக்குள் கக்கும். அந்தப் பக்கம் குளியலறை, மாடிப்படி, அலமாரி வரட்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். 'வடக்குதானே, வெயில் வராது' என்று விட்டுவிட்டுக் கத்திரியில் அவதிப்படுபவர்கள் நிறையப் பேர்.

வாசலை மாற்றச் சொல்லி யாராவது வந்தால், முதலில் கம்பி கட்டாத, வண்டி நிற்காத இடத்தில் இரண்டு வேறு போன்களில் அளந்து பாருங்கள். உறையைக் கழற்றிவிடுங்கள், அமைப்புகளில் உண்மை வடக்கு என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு விடுமுறை நாளில் மொட்டை மாடியில் குச்சி நட்டுவிடலாம். குச்சி நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் காலை ஒன்பது மணி வாக்கில் முதல் புள்ளியை வையுங்கள்.