டைமிங் பெல்ட்: நேரப் பட்டையா, இசைவுப் பட்டையா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கார்ப் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்றால், "டைமிங் மாறியிருக்கு", "மார்க் பார்த்து டைமிங் வை" என்ற பேச்சு காதில் விழுந்தே தீரும். இந்த டைமிங்கைத் தமிழில் எழுத நேரும்போது சிலர் சட்டென்று "நேரம்" என்று எழுதி, டைமிங் பெல்ட்டை "நேரப் பட்டை" ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டைக்கு நேரம் தெரியாது என்பதே இங்கே நான் சொல்ல வந்தது.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன்களோடு இணைந்து சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும் என்பதால், கேமின் பற்சக்கரத்தில் கிராங்கின் பற்சக்கரத்தைப்போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். இரண்டையும் பிணைத்து, பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற முறை பிறழாமல் காப்பதே டைமிங் பெல்ட்டின் வேலை. வால்வு திறப்பதையும் மூடுவதையும் விநாடியில் யாரும் சொல்வதில்லை. கிராங்க் சுழலும் பாகைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றினாலும் 4000 சுற்றுச் சுற்றினாலும் பட்டை காக்கும் அந்தப் பிணைப்பு மாறுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் டைமிங் என்று வழங்கினாலும், இங்கே அதன் பொருள் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்றல். தமிழில் அதை "இசைவு" என்பதே சரி என்று கருதுகிறேன்.

இந்த இசைவு கெட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் காரில் கற்றேன். பெல்ட் மாற்றி வாங்கிய மறுநாள், குன்னூரிலிருந்து ஊட்டி ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சோர்வது இயல்பு. மலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்த வேறொரு மெக்கானிக், "ஒரு பல் தள்ளி மாட்டியிருக்காங்க சார்" என்றார். கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேமில் 9 பாகை, கிராங்கில் 18 பாகை. வால்வு அவ்வளவு முந்தியோ பிந்தியோ திறக்கும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகை எஞ்சினாக இருந்து, இன்னும் சில பற்கள் தவறியிருந்தால், இரண்டும் மோதி வால்வு வளைந்திருக்கும்.

அவர் அதைச் சரிசெய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்கின் குறியையும் இரண்டு கேம்களின் குறிகளையும் அவற்றிற்கு உரிய இடத்தில் நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் தானாகவே துள்ளித் திரும்பப் பார்க்கும் என்பதால், இரண்டையும் முன்பே பூட்டி வைத்திருந்தார். புதுப் பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, இழுபடும் பக்கம் தொய்வே இல்லாமல் ஏற்றி, மிச்சத் தொய்வு முழுவதையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இருக்கும் பக்கம் விட்டார். டென்ஷனரை இறுக்கியபின் பூட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பானர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்தில் வந்து நின்ற பிறகுதான் மூடியைப் போட்டார். முதல் பட்டறை இந்த இரண்டு சுற்றைச் சுற்றியிருந்தாலே தவறு அங்கேயே தெரிந்திருக்கும்.

இனிச் சொற்களின் பிறப்பு. கேம் என்பது டச்சு மொழியின் "கம்" என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அதற்குச் சீப்பு என்றும், சக்கரத்தின் பல் என்றும் பொருள். சீப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதன் உறவுதான். இவற்றின் மூல வேருக்குப் பல் என்பதே பொருள். இன்றைய கேமில் பல் இல்லை, முட்டை வடிவில் ஒரு புடைப்புத்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. தமிழில் இதற்கு வழங்கும் கலைச்சொல் "நெம்புருள்". நெம்புகோலில் உள்ள நெம்புதலும், சக்கரத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லான உருளும் சேர்ந்தது. கேம் நேராகவே வால்வை அழுத்தும் எஞ்சின்களில் நெம்புதல் என்பது முழுதும் பொருந்தாது. ஆயினும் நல்ல சொல், விட்டுவிட வேண்டியதில்லை. கேம் ஷாஃப்ட் நெம்புருள் தண்டு.

கிராங்கிற்கு வழங்கும் "வணரி" இதைவிடவும் பொருத்தம். வணர்தல் என்றால் வளைதல்; வளைந்த தண்டையுடைய சிறிய யாழைப் புறநானூறு "வணர்கோட்டுச் சீறியாழ்" என்கிறது. ஆங்கிலக் கிராங்கின் பழைய வேரும் வளைவையே குறிக்கும். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே பொருளைப் பிடித்திருக்கின்றன.

பெல்ட்டுக்கு வருவோம். ஜெர்மானியர் இதை வடிவத்தால் "பல் வார்" என்றும், பிரெஞ்சுக்காரர் வேலையால் "பங்கீட்டு வார்" என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்கிறார்கள். தமிழில் "பல்வார்" என்று சொன்னால் பல வார்கள் என்று மயங்க இடமுண்டு. பற்பசை, பற்சக்கரம் என்பவற்றை ஒட்டிப் "பற்பட்டை" என்றால் அந்த மயக்கம் குறையும். நீலகிரிக்காரருக்கு இந்தப் பல் புதிதன்று: 1899 முதல் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பற்சக்கரத்தால்தான் ஏறுகிறது. தண்டவாளங்களின் நடுவே அருகருகே பதித்த இரண்டு பற்சட்டங்களில், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருமாறு அமைத்திருப்பதைக் குன்னூர் நிலையத்தருகே யாரும் பார்க்கலாம். அதுவும் ஓர் இசைவுதான்.

பற்பட்டை வேறு இயந்திரங்களிலும் உண்டு என்பதால், எஞ்சினில் உள்ளதைப் பிரித்துச் சொல்லும்போது "இசைவுப் பற்பட்டை" எனலாம். பேச்சில் "இசைவுப் பட்டை" போதும். டைமிங் மார்க் இசைவுக்குறி. பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ள எஞ்சின்களில் அது இசைவுச் சங்கிலி. ஒரு பல் தள்ளிப்போனதற்கு மட்டும் புதுச்சொல் தேவையில்லை. பட்டறையில் அதை முன்பே தமிழில்தான் சொல்கிறார்கள்.