இடிந்த மண்டபத்தின் ஒலியைக் கணக்கிடுவது எப்படி?

உள்ளூர் வரலாற்று ஆவணங்களிலிருந்து ஒலி நாடகம் தயாரிக்கும் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் கதையையும் வசனத்தையும் தேடியே பழைய கட்டுகளைப் புரட்டுகின்றன. ஆனால் அதே கட்டுகளில் கிடக்கும் கட்டட வரைபடமும், கொத்தனார் கணக்கும், கூட்டத்துக்கு வந்தோர் எண்ணிக்கையும் இன்னொன்றையும் சொல்லக்கூடியவை: இன்று இல்லாத ஒரு மண்டபத்தில் அன்று மனிதக் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை.

அறைக்குள் பேசும் குரல் நேராகக் காதை அடைவதோடு நிற்பதில்லை. சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பிப் பேச்சு நின்ற பின்னும் சற்று நீடிக்கிறது. இதுவே எதிர்முழக்கம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் ஒரு சொல் அடங்க ஏறத்தாழ ஐந்தரை விநாடி ஆயிற்று. சொல்மேல் சொல் ஏறியதால் பாடம் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட இளம் இயற்பியலாளர் வாலஸ் சாபின், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழாய் எழுப்பும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அளந்து ஒரு விதியைக் கண்டடைந்தார். அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உறிஞ்சும் விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைய ஆகும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சுண்ணாம்புப் பூச்சு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்புகள் ஒலியில் சராசரியாக 5 விழுக்காட்டை உறிஞ்சினால், காலி மண்டபத்தின் எதிர்முழக்கம் சுமார் 5 விநாடி. உள்ளே 300 பேர் வந்து, ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சினால், அது 1.1 விநாடியாகச் சுருங்கிவிடும். ஆகவே வருகைப் பதிவேட்டில் உள்ள ஒரே ஓர் எண் அந்தக் காட்சியின் ஒலியையே மாற்றிவிடுகிறது. அதைப் பார்க்காமல் மென்பொருளில் கைக்கு வந்த எதிர்முழக்கத்தைச் சேர்ப்பது, ஆவணத்தைப் பாதி மட்டும் படிப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

திறந்த முற்றத்துக்கு இந்த விதி பொருந்தாது. லண்டன் புனித பவுல் பேராலய முற்றத்தில் ஆங்கிலக் கவிஞரும் மதகுருவுமான ஜான் டன் 1622 நவம்பர் 5 அன்று நிகழ்த்தவிருந்து, மழையால் உள்ளே மாற்றப்பட்ட பேருரையை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு மீட்டுருவாக்கியபோது, 1666 தீவிபத்தில் அழிந்த அப்பேராலயத்தைப் பழைய ஓவியங்களையும் அளவைகளையும் கொண்டு கணினியில் எழுப்பி, ஒலி எந்தச் சுவரில் பட்டு எப்போது எங்கே சேரும் என்று கணித்தது. கேட்பவர் நிற்கும் இடத்தையும் கூட்டத்தின் அளவையும் மாற்றி அந்த உரையைக் கேட்க முடிகிறது.

கணக்கிட்ட ஒலியைக் குரலில் ஏற்றும் முறைக்குக் கன்வல்யூஷன் என்று பெயர். அம்மண்டபத்தில் ஒருமுறை கைதட்டினால் ஒலி எப்படிப் பரவி அடங்கும் என்பதே இதன் அடிப்படை. விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான குரலின் ஒவ்வொரு மாதிரியும் அந்தக் கைதட்டலின் ஒரு சிறு நகலைத் தொடங்கிவைக்கிறது. அத்தனை நகல்களின் கூட்டுத்தொகையே நாம் கேட்கும் மண்டபக் குரல். கட்டடம் இன்னும் நின்றால் கணக்கே வேண்டாம்: உள்ளே ஒரு பலூனை உடைத்துப் பதிவுசெய்தாலே போதும்.

குரலை மட்டும் எதிர்முழக்கமற்ற அறையில் பதிவுசெய்ய வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட அறையில் நடிகர்கள் இயல்பாகவே வேகமாகப் பேசிவிடுவார்கள். ஐந்து விநாடி எதிர்முழக்கத்தில் பேசுபவரோ வாக்கிய முடிவில் நின்று, ஒலி தணிந்த பிறகே தொடர்வார். எனவே பதிவின்போதே மண்டபத்தின் ஒலியை ஹெட்ஃபோன் வழியாக அவர்களுக்குக் கேட்கச் செய்ய வேண்டும்.