மெண்டல்ஸோன்: ஒரு குடும்பப் பெயரின் பொருள்

மெண்டல்ஸோன் என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயரைப் பிரித்தால் 'மெண்டல்ஸ்', 'ஸோன்' என இரு சொற்கள் கிடைக்கும். முதற்சொல்லின் ஈற்றிலுள்ள 'ஸ்' நம் ஆறாம் வேற்றுமைக்கு ஈடானது. 'உடைய' எனப் பொருள்படும். 'ஸோன்' என்பதற்கு மகன் என்பது பொருள். ஜெர்மன் எழுத்தில் இப்பெயரின் நடுவே 'எஸ்' இரட்டித்து வருவது இதனால்தான். அவற்றுள் ஒன்றை விட்டு எழுதினால் வேற்றுமை உருபே போய்விடும்.

மெண்டல் என்பது மெனாகெம் என்னும் எபிரேயப் பெயருக்கு ஈடாக யூதர்கள் பேச்சில் வழங்கிய பெயர். மெனாகெம் என்றால் ஆறுதல் அளிப்பவர். தமிழ் விவிலியம் வேறோர் இடத்தில் ஆளும் 'தேற்றரவாளன்' என்ற அழகிய சொல் இதற்கு மிகவும் பொருந்தும்.

1729இல் தெஸ்ஸாவ் நகரில் பிறந்த மெய்யியலாளர் மோசஸால் இப்பெயர் புகழ்பெற்றது. அவருடைய தந்தை மெண்டல், யூத மறைநூலான தோராவின் சுருள்களைக் கையால் படியெடுத்து எழுதியவர். யூத மரபுப்படி மகன் 'மோசே பென் மெண்டல்', அதாவது மெண்டலின் மகன் மோசே. அந்த 'பென்' என்னும் எபிரேயச் சொல்லை ஜெர்மனில் பெயர்த்ததால் பிறந்ததே மெண்டல்ஸோன். எனவே இப்பெயரே ஒரு மொழிபெயர்ப்பு எனலாம்.

பழைய வழக்கம் தொடர்ந்திருந்தால் மோசஸின் மகன் ஆபிரகாம் 'மோசேயின் மகன்' என்றே அழைக்கப்பட்டிருப்பார். ஆனால் பெயர் உறைந்துவிட்டது. யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்று அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யா 1812இல் ஆணையிட்டது. ஆபிரகாமோ கிறித்தவம் தழுவியபின் பார்த்தோல்டி என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1829இல் லண்டனில் தம் மகனும் இசையமைப்பாளருமான ஃபெலிக்ஸ் வெறும் மெண்டல்ஸோன் என அறியப்படுவதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஃபெலிக்ஸ் பார்த்தோல்டியை ஏற்றாலும் மெண்டல்ஸோனை விடவில்லை. மெண்டலுக்கு அவர் கொள்ளுப்பேரன். பெயரளவில் மட்டும் இன்றும் மகன்.

வட ஜெர்மனியின் பேட்டர்சென், ஹான்சென் ஆகியவற்றின் 'சென்' இதே 'மகன்' தேய்ந்த வடிவம். பவுலி, பேட்ரி போன்ற குடும்பப் பெயர்கள் 'உடைய' எனப் பொருள்படும் லத்தீன் வேற்றுமை ஏற்றவை.

இவ்வகைப் பெயரைத் 'தந்தைவழிப் பெயர்' என்பது வழக்கம். ஆனால் மாவரைப்பவர் எனப் பொருள்படும் முல்லரும் தந்தைவழியாகவே வருகிறது. ஆதலால் 'தந்தைபெயர்வழிக் குடும்பப் பெயர்' என்பதே திருத்தமானது என்பேன். 'ஸோன்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல்லோ சங்கப் புலவர் பெயரிலேயே இருக்கிறது: 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'. அங்கே அது உறையவில்லை. இறையனார் களவியல் உரை குறிப்பிடும் நக்கீரனாரின் மகன் பெயர் கீரங்கொற்றனார். தாத்தாவின் பெயர் நீங்கி, தந்தையின் பெயர் முன்னே வந்துவிட்டது.