“நான் ஒரு இடமும் போகேல்ல சேர்”

2021 ஜூன் மாதம், இலங்கையின் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு கரையோரக் கிராமம். கரைவலை இழுக்கும் ஒருவருக்குக் கொவிட் என்று காலையில்தான் பி.சி.ஆர். முடிவு வந்திருந்தது. படலைக்கு வெளியே நின்று, கடந்த ஒரு கிழமையாக யார் யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டேன். “நான் ஒரு இடமும் போகேல்ல சேர், வீட்டிலதான் கிடந்தன்” என்றார். அவருடைய சாரத்தின் ஓரத்தில் ஈர மணல் ஒட்டியிருந்தது. கரைவலையை ஒருவர் தனியாக இழுக்க முடியாது.

அடுத்த நாள் எங்கள் பிரிவின் மிட்வைஃப் போய் அவருடைய மனைவியோடு பின்வளவில் நின்று கதைத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நிறை பார்த்து, ஊசிக்கு நாள் சொல்லி, இரவு காய்ச்சல் என்று போன் எடுத்தாலும் பதில் சொன்னவர் அவர். அரை மணித்தியாலத்தில் 14 பேரின் பெயரோடு திரும்பி வந்தார். பரிசோதித்ததில் 5 பேருக்குத் தொற்று இருந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இத்தனை வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் அறியாமையால் மறைக்கவில்லை. கரைவலைக் காலத்தில் 14 பேரும் இரண்டு கிழமை வீட்டில் இருந்தால் 14 அடுப்புகளுக்கு யார் பொறுப்பு? உலர் உணவுப் பொதி எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டுவார்கள். இதையெல்லாம் விட, அதற்கு முதல் வருடம் இங்கே ஓர் அலுவலகத்திலிருந்து தொற்றாளர்களின் பட்டியல் பெயர் விலாசத்தோடு வட்ஸ்அப்பில் போய்விட்டது. அதில் இருந்த ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம் குணமான பிறகும் மாதக்கணக்காக யாரும் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. அது எங்கள் பக்கத்துப் பிழை, அதற்கு நாங்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை. அப்புறம் எப்படி ஒருவர் எங்களிடம் உண்மை சொல்வார்?

சில நாடுகள் பெருந்தொற்றை அடக்கின, சில நாடுகள் திணறின, ஏன் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். காசு, பெரிய வைத்தியசாலை என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். 2019 ஒக்டோபரில், பெருந்தொற்றுக்கு எவ்வளவு தயார் என்று 195 நாடுகளைத் தரப்படுத்திய உலகச் சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டெண்ணில் முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரித்தானியா. பிறகு அமெரிக்காவில் மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொவிட்டால் இறந்தார்கள். 2022இல் லான்செட் மருத்துவ இதழில் 177 நாடுகளைப் பற்றி வந்த ஆய்வு, அந்த மாதிரியான தயார்நிலைப் புள்ளிகளுக்கும் தொற்று விகிதத்துக்கும் தொடர்பு காணவில்லை. அரசின் மீதும் ஒருவர் மீது ஒருவரும் நம்பிக்கை வைத்த நாடுகளில் தொற்று குறைவு என்று கண்டது. மூத்தவர்கள் அதிகமுள்ள நாடுகளில் சாவு கூடும், தீவுகளுக்கு எல்லையை மூடுவது சுலபம், அதெல்லாம் சரி. ஆனால் வியட்நாம் தீவு இல்லை, பணக்கார நாடும் இல்லை, சீனாவோடு எல்லை வேறு. 2020 முடிவில் அங்கே கொவிட் மரணம் 35தான்.

நம்பிக்கை என்றால் வெறும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். உண்மை சொன்னவருக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அது. தாய்வானில் தனிமைப்படுத்தப்பட்டவருக்கு ஒரு நாளைக்கு 1,000 தாய்வான் டொலர் கொடுத்தார்கள். மீறி வெளியே போனால் 10 இலட்சம் வரை தண்டம். தண்டத்தை நாங்களும் போட்டோம், நாளுக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவைத்தான் விட்டுவிட்டோம். 2020 மே மாதம் தென்கொரியத் தலைநகர் சியோலில் இத்தேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்றுக் கொத்தணி உருவானபோது, அங்கே போனவர்களில் பலர் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று ஊடகங்கள் எழுதியதால் பரிசோதனைக்கு வரப் பயந்தார்கள். பெயர் வேண்டாம், தொலைபேசி இலக்கம் போதும் என்று நகர நிர்வாகம் சொன்னது. அதன் பிறகு வந்தார்கள்.

2014இல் எபோலாவோடு ஒருவர் நைஜீரியாவின் லாகோசில் வந்திறங்கினார். அவ்வளவு சனநெருக்கமான நகரத்தில் இறங்கியும், நாடு முழுவதிலும் 20 பேரோடு, 8 மரணங்களோடு அது நின்றது. போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே ஊர் ஊராய்த் திரிந்த ஆட்களும் சேர்ந்து, தொற்றாளர்களோடு பழகிய ஏறத்தாழ 900 பேரைத் தேடி, சுமார் 18,500 தடவை நேரில் போய்ப் பார்த்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் லைபீரியாவின் மொன்ரோவியாவில் வெஸ்ட் பொயின்ட் என்ற சேரியைப் பொலிஸும் இராணுவமும் வளைத்து அடைத்தன. கல்லெறி, துப்பாக்கிச் சூடு, 15 வயதுப் பையன் ஒருவனின் சாவு. 10 நாளில் அரசே அந்த அடைப்பை எடுத்துவிட்டது.

எங்கள் நாட்டில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கொவிட்டால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி முடிவு வரை இங்கே எல்லா உடல்களையும் எரித்தார்கள். பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். அந்த மாதங்களில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் காய்ச்சலோடு இருந்த வயதானவர்களை வைத்தியசாலைக்கு வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. “வாப்பா மௌத்தானா மண்ணுக்குள்ள வைக்க விடுவீங்களா சேர்?” என்று ஒரு மகன் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

இதை வாசிக்கிறவர்களிடம் இரண்டு விசயம் கேட்கிறேன். யாருடைய பெயரோ படமோ நோயாளி என்று உங்கள் குழுவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீடு தனிமைப்படுத்தலில் இருந்தால் பொதி வரும்வரை அரிசி, மாவு, பிள்ளைக்குப் பால்மா வாங்கி மதிலில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுங்கள். அவர்கள் எங்களிடம் உண்மை பேசுவதற்கு அது நாங்கள் படிக்கும் சட்டத்தை விட உதவும்.

அந்த மிட்வைஃப் ஓய்வு பெற்றுவிட்டார். வெற்றிடம் இன்னும் நிரப்பப்படவில்லை, அடுத்த பிரிவில் இருக்கும் பிள்ளைதான் தன் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறாள். கரைவலைக்காரர் வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்து 5 மாதமாகிறது. அவளால் இதுவரை ஒரு தடவைதான் அங்கே போக முடிந்திருக்கிறது.